எட்டாவது கம்பி

அனகா தன் கிட்டாரின் எட்டாவது கம்பியை முதல் தடவை மீட்டியபோது ரப்பர் புகைப்புரையின் தகரக் கூரை அதிர்ந்தது. அகில் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து எழுந்தே விட்டான்.

"எலே சஜா, உனக்க வேலைய இவ எடுத்துட்டா மக்கா!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன். மற்ற கிட்டார்களுக்கு ஆறு கம்பி, அவளுடையதற்கு எட்டு. என் தோளில் நாலு கம்பி பாஸ் கிட்டார் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் தடித்த கம்பி எந்த ஆழத்துக்குப் போகுமோ, ஏறக்குறைய அதே ஆழத்துக்கு அவளுடைய எட்டாவது கம்பியும் போனது. அந்த ஆழத்தை நிரப்புவதற்கென்றே குழுவில் ஒருவன் நிற்கிறான். அது வேறொருவரிடமிருந்து வரத் தொடங்கிய பிறகு அவன் எதற்கு? அன்று மாலை நெய்யாற்றின்கரையில் கணக்கியல் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோதும் இந்தக் கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆசிரியர் தேய்மானத்தைப் பற்றி நடத்தினார். அதுவும் எனக்கென்றே நடத்துவதுபோல இருந்தது.

எங்கள் குழுவின் பெயர் செக்போஸ்ட். பெயர் வைத்தது ராபின்சன். பாட்டு எழுதியது, பாடியது, கிட்டார் வாசித்தது எல்லாம் அவனே. பத்து நிமிடம் நீளும், நடுவில் தாளம் மாறி மாறிப் போகும் மெட்டல் பாட்டுகள். கொச்சியில் ஒரு பெரிய குழு கூப்பிட்டது, போய்விட்டான். மிஞ்சியது அகிலும் நானும், பாறசாலையில் அகில் வீட்டுக்குப் பின்னால் இருந்த புகைப்புரையும். அகில் வீட்டார் இப்போது ரப்பரைப் பாலாகவே விற்றுவிடுவதால் அங்கே ரப்பர் ஷீட்டு புகைப்பதில்லை. ஆனால் வயர்களில்கூட அந்த வாடை உண்டு.

ராபின்சனுக்குப் பதிலாக வந்த அனகா அமரவிளைக்காரி, பேச்சில் மலையாளம் முந்தும். இணையத்தில் பார்த்து, தனியாக வீட்டிலிருந்து வாசித்துப் பழகியவள். ராபின்சன், அகில், நான் மூவரும் அப்படி இல்லை. ஒரே சபையின் பாடகர் குழுவில் வளர்ந்தவர்கள். கீர்த்தனைகளை டோ, ரே, மீ என்று எழுத்துகளாகப் பார்த்துப் பாடிப் பழகியதால், மெட்டல் பாட்டையும் ராபின்சன் அப்படியேதான் எழுதினான். அந்த எழுத்து முறையில் டோ எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். எது டோ என்று முதலில் ஒருவர் முனகிக் காட்ட வேண்டும், மற்றவர்கள் அதிலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும். எந்தப் பாட்டுக்கு முன்னாலும் ராபின்சன் முனகுவான். அவன் முனகாமல் நாங்கள் தொடங்கியதே இல்லை.

அதனால்தான் அனகாவோடு நடந்த முதல் ஒத்திகை குழம்பிப்போயிற்று. 'பொழி' என்ற பாட்டு. பூவாரில் ஆறும் கடலும் முட்டிக்கொள்ளும் மணல்திட்டைப் பற்றியது. அதன் எழுத்தை நான் அனகாவுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்திருந்தேன். அகில் குச்சிகளைத் தட்டி எண்ணினான். இருவரும் ஒன்றாகப் புகுந்தோம். பல் கூசியது.

அகில் நிறுத்தினான். "ரெண்டு பேரும் ரெண்டு சபையிலயா பாடுதிய?"

"இதில டோ எதாக்கும்னு எழுதல்லல்லோ," என்றாள் அனகா. "ஞான் எட்டாவது கம்பிய டோ ஆக்கி."

நான் ராபின்சன் முனகும் இடத்தை டோ என்று வைத்திருந்தேன். அவளுடைய டோ என் கணக்கில் ரே. ஒரு படி தள்ளி நின்று ஒரே பாட்டை இரண்டு பேர் வாசித்திருக்கிறோம்.

"ராபின்சன் முனகித் தருவான்," என்றேன்.

"ராபின்சன் எவிட?" என்றாள். கேலி இல்லை. அவன் கொச்சிக்குப் போனது தெரியாமல்தான் கேட்டாள். ஆனால் அகிலின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எல்லாம் அவளுடைய டோவுக்கு மாறியது. ராபின்சன் பாடிய இடங்களையும் அவளே பாடினாள். டோ ஒரு படி ஏறினாலும், எட்டாவது கம்பியில் பாட்டுகள் ராபின்சனின் கிட்டாரைவிடக் கீழே ஒலித்தன, கனத்தன. காதில் மாட்டிய கருவியில் தாளம் டிக் டிக்கென்று ஓட, அகிலும் அதற்கு ஏற்ப வாசிக்கப் பழகினான். முன்பெல்லாம் ராபின்சனுக்கு உற்சாகம் வந்தால் பாட்டு ஓடும், களைத்தால் தளரும். இப்போது அப்படி நடப்பதில்லை. நன்றாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். நான் மட்டும் அவள் வாசிப்பதையே அவளுக்குக் கீழே நிழல் மாதிரி வாசித்துக்கொண்டிருந்தேன். நான் ஒரு இடத்தில் தப்பாக வாசித்தபோது யாருக்கும் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

திருவனந்தபுரத்தில் ஒரு இசைவிழாவுக்குக் குழுக்களைத் தேர்வு செய்யும் சனிக்கிழமை நெருங்கியது. புதன்கிழமை அனகா ஒரு ஒலிப்பதிவை வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். 'பொழி'தான். பாஸ் இல்லை. கூடவே எழுதியிருந்தாள்: "கேட்டு நோக்கு. சத்தியம் பற."

உண்மையைச் சொல்வதற்காகவே பேருந்தில் நின்றபடி மூன்று தடவை கேட்டேன். குறையாக எதுவும் படவில்லை. குறை கண்டுபிடிக்க நான் விரும்புகிறேன் என்பதால் என் காதை நம்பலாமா என்றும் யோசித்தேன். நம்பினாலும் நம்பாவிட்டாலும் பதில் ஒன்றுதான்: பாஸ் இல்லாமலே பாட்டு நிற்கிறது.

அகிலைக் கூப்பிட்டேன்.

"நீ என்ன சொல்லுதா?"

"அவ சொல்லுதது, ரெண்டு பேரு போனா போதும்னாக்கும். நான் ஒண்ணும் சொல்லல்ல மக்கா."

"ஒண்ணும் சொல்லல்லியா?"

"வெள்ளிக்கிழமை வா. வாசிச்சிப் பாப்போம். நல்லாருந்தா கொள்ளாம், நீயும் வா."

"கொள்ளல்லன்னா?"

"எலே, நீ கேக்கியதுக்கெல்லாம் எனக்கிட்ட பதிலு உண்டா?"

பாடகர் குழுவில் பத்து வருடம் என்னோடு ஒரே வரிசையில் நின்றவன். போனை வைத்த பிறகும் கையிலேயே பிடித்திருந்தேன்.

மறுநாள் வகுப்புக்குப் போகவில்லை. என் பகுதியை வரிவரியாக எடுத்து வைத்து, அவள் வாசிக்கும் அதே சுரம் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் பேனாவால் அடித்தேன். முதல் பாதி முழுக்க அடிபட்டது. அதில் எனக்கு வேலையே இல்லை. நடுப்பகுதியில், ராபின்சன் பாடும் இடத்துக்கு முன்னால், அவள் ஒரே சின்னத் துண்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பாள். அங்கேயும் நான் அவளுடைய நிழல்தான். முதல் ஒத்திகையில் பல் கூசியது ஞாபகம் வந்தது. அன்று இருவரும் ஒரே துண்டை இரண்டு டோவில் வாசித்தோம், அதனால் மோதியது. அவள் அவளுடைய டோவிலேயே ஓட, நான் ஓடாமல் ராபின்சனின் டோவை மட்டும் நீளமாகப் பிடித்துக்கொண்டு நின்றால்?

பாஸை மடியில் வைத்து, அவளுடைய பதிவை ஓடவிட்டு, அந்த ஒரு சுரத்தை மீட்டினேன். அவள் வாசித்தது அப்படியேதான் இருந்தது. ஆனால் அது நிற்கும் தரை மாறிவிட்டிருந்தது. இது நிஜமாகவே நன்றாக இருக்கிறதா, என் இடத்துக்காக நான் இட்டுக்கட்டுவதா?

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கெல்லாம் புகைப்புரை வெந்துகொண்டிருந்தது. அகில் எண்ணினான். அனகா புகுந்தாள். நான் கம்பிகளின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு சும்மா நின்றேன்.

அகில் வாசித்தபடியே என்னைப் பார்த்தான். கோபித்துக்கொண்டு நிற்கிறேன் என்று நினைத்திருப்பான். அனகா திரும்பவே இல்லை. முதல் பாதி அவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. நடுப்பகுதி வந்தது. அவள் துண்டைத் தொடங்கினாள். இரண்டாவது சுற்றில் நான் அந்த ஒரு சுரத்தை மீட்டினேன்.

அனகாவின் கை நின்றது.

"தெற்றிப்போயி," என்றாள், நான் தப்பாக வாசித்துவிட்டதாக நினைத்து.

"தெற்றல்ல. வாசி."

"சஜன், அது நின்டெ பழைய டோ."

"தெரியும். நிறுத்தாம வாசி."

அவள் அகிலைப் பார்த்தாள். அவன் தோளைக் குலுக்கி, எண்ணினான். இந்தத் தடவை அவள் நிறுத்தவில்லை. நான் பிடித்திருந்தேன், பிறகு ஒரு படி கீழே இறங்கினேன், திரும்ப ஏறினேன். அவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, நாலு சுற்றில் முடிக்க வேண்டிய துண்டை முடிக்காமல் ஓட்டிக்கொண்டே போனாள். பாட வேண்டிய இடம் வந்து போயிற்று. அவள் பாடவில்லை.

முடிந்ததும் அகில் குச்சிகளை மடியில் போட்டான். "ராபின்சனுக்க பாட்டு எங்க போச்சு? அவன் பாடுத இடமாக்கும் அது."

"அவிட பாட்டு வேண்டா," என்றாள் அனகா.

"வேண்டாமா? அதுக்காவாக்கும் ஆளுவ இந்தப் பாட்ட கேக்கியது!"

"எனிக்கு அவனப்போல பாடான் பற்றூலா அகில். ஞான் ஒரு மாசமா பாடி நோக்கி. ஆரும் பறஞ்சில்ல, பற்றூலா எந்நு." அவள் குரல் உடைந்தது. அவளால் முடியவில்லை என்று நாங்கள் யாரும் சொன்னதில்லைதான். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஆத்யத்த பாதியில நீ வாசிக்கண்டா. அங்ஙனெ நின்னோ. ரெண்டாமத்த சுற்றில வா."

முதல் பாதியில் சும்மா நின்றுவிட்டு வா என்றாளா, வரலாம் என்றாளா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அகில் குனிந்து பெடலைத் திருகினான். வெகுநேரம் திருகினான்.

"அது இனி ராபின்சனுக்க பாட்டில்ல கேட்டியா," என்றான் கடைசியில், நிமிராமலே. "சரி. நாளைக்கு மூணு பேரும் போவோம்."

தேர்வு நடந்த அரங்கில் முன்வரிசையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் முறை வந்தது. அகில் குச்சிகளைத் தூக்கினான். பழக்கத்தில் நான் ராபின்சனின் முனகலுக்காகக் காத்திருந்தேன். அகிலும் காத்திருந்தான் என்று நினைக்கிறேன். பிறகு எண்ணினான்.

அனகா புகுந்தாள். நான் கம்பிகளை அமுக்கிக்கொண்டு நின்றேன். வியர்வையில் உள்ளங்கை வழுக்கியது. முன்வரிசையில் ஒருவர் என்னையே பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொன்னார். பக்கவாட்டிலிருந்து ஒலிக்காரர் குனிந்தபடி ஓடிவந்தார். என் வயர் செத்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். காலடியில் மண்டியிட்டு, பிளக்கைப் பிடுங்கி மாட்டக் கையை நீட்டினார். அவர் அதை இப்போது பிடுங்கினால் இரண்டாவது சுற்றுக்கு நான் வர முடியாது. கையை எடுத்து அவரைத் தடுத்தால் கம்பிகள் உறுமும்.

"வேண்டா!"

அனகாதான். எட்டாவது கம்பியின் இரைச்சலுக்கு மேலே கத்தினாள். கை ஓடிக்கொண்டே இருந்தது. "அவன் வரும்! விட்டேக்கு!"

ஒலிக்காரர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். முன்வரிசை முழுக்க இப்போது என்னைத்தான் பார்த்தது.

நடுப்பகுதி தொடங்கியது. முதல் சுற்று போயிற்று. தொண்டைக்குள் யாருக்கும் கேட்காமல் ராபின்சனின் டோவை முனகிக்கொண்டு, உள்ளங்கையைக் கம்பிகளிலிருந்து எடுத்தேன்.