கண்ணீர் விடலாம், சத்தம் வேண்டாம்

அழுகைக்குச் சத்தம் எங்கே தொடங்குகிறது? நெஞ்சிலா, தொண்டையிலா? நெஞ்சோடு அதை நிறுத்திவிட்டால் கண்ணீர் மட்டும் தனியாக வருமா? வராதே. எனக்கு அப்படி வந்ததில்லையே. யோசித்துப் பார்த்தால், எனக்கு அழுகையே வந்து எத்தனை வருஷம் ஆகிறது?

ஜெபராணி அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து இதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தாள். ஐஸ் பெட்டியின் கண்ணாடிக்குள் வேதநாயகம் வாத்தியார் வெள்ளை வேட்டி சட்டையில், ஞாயிற்றுக்கிழமைக்குப் புறப்பட்டவரைப் போலப் படுத்திருந்தார். கண்ணாடியில் நீர் பூத்துப் பூத்து அவர் முகம் மறைய, ஜெபராணியின் மகள் ஸ்டெபி துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஜெபராணியின் மடியில் ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் கிடந்தன. ஆறு நாளாக அவளுடைய பேச்செல்லாம் அதில்தான். போன திங்கட்கிழமை குரல் நாணில் வளர்ந்திருந்த ஒரு சின்னக் கட்டியை வண்ணார்பேட்டையில் ஒரு டாக்டரம்மா எடுத்திருந்தார். பத்து நாளைக்கு ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது. கிசுகிசுக்கக் கூடாது, அது பேசுவதைவிடக் கெடுதல். கனைக்கக் கூடாது. தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்று வராமல் உதட்டை மட்டும் அசைத்தால் பாதகமில்லை. "புண் ஆறுறதுக்குள்ள குரலைத் தொட்டீங்கன்னா தழும்பு விழுந்துரும். அப்புறம் பாட்டு இல்ல, பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தக்கூட குரல் நிக்காது" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் காப்பியைக் கொண்டுபோய் வைத்தபோது அப்பா எழுந்திருக்கவில்லை. ஜெபராணி முதலில் செய்தது வாயைக் கையால் பொத்திக்கொண்டதுதான். அப்புறம் போனை எடுத்து டாக்டரம்மாவுக்கு எழுதினாள்: அப்பா இறந்துட்டாங்க. அழலாமா? கால் மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: வருத்தமா இருக்கும்மா. கண்ணீர் விடலாம். சத்தம் வேண்டாம்.

கண்ணீர் வரவில்லை. நேற்று முழுக்க வரவில்லை. இன்று, அடக்கத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும் இப்போதும் வரவில்லை.

வெளியே பந்தலில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். வீட்டுக்குள் பாயில் இருந்த பெண்கள் பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் பாட்டு எடுத்துக் கொடுக்கவில்லை. பாளையங்கோட்டையின் இந்த நாலு தெருவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், எந்தத் துட்டி வீடு என்றாலும் பாட்டு எடுத்துக் கொடுப்பது ஜெபராணிதான். இருபத்தைந்து வருஷமாக அப்படித்தான். பள்ளிக்கூடம் விட்டதும் சுண்ணாம்புத் துகளும் கரகரப்புமாக நேரே துட்டி வீட்டுக்குப் போவாள். மைக் இருக்காது, அழுகைச் சத்தத்துக்கு மேலே எழும்ப வேண்டும். பனங்கற்கண்டையும் மிளகையும் கன்னத்தில் அடக்கிக்கொண்டு மூன்று மணி நேரம் பாடுவாள். மிளகைப் போட்டு வலி தெரியாம ஆக்கிக்கிட்டு வலிக்கிற இடத்தை வச்சே மேல மேல பாடியிருக்கீங்க என்று டாக்டரம்மா சொல்லும்வரை, அதை அவள் ஊழியம் என்று மட்டுமே நினைத்திருந்தாள்.

"ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரையும் பாடி அனுப்பி வச்சவா. பெத்த தகப்பனுக்கு வாயத் தொறக்க மாட்டேங்காளே" என்றாள் சுவரோரம் இருந்த ஒருத்தி.

"டாக்டர் சொல்லியிருக்காவளாம்."

"டாக்டரா வந்து பெட்டியத் தூக்கப் போறாவ?"

அப்பாவின் தங்கை சொர்ணாம்பாள் அத்தை நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பொட்டலத்தை ஜெபராணியின் கையில் அழுத்தினாள். "மிளகும் கற்கண்டும்தாம்ட்டி. வாயில போட்டு அடக்கிக்க. ஒரு பாட்டுக்குத் தாங்கும். சத்தமா வேண்டாம், பைய, குசுகுசுன்னு பாடு. எங்க அண்ணன் ஊமையாட்டம் போகணுமா?"

ஜெபராணி நோட்டில் எழுதிக் காட்டினாள்.

"கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன். ஏ ஸ்டெபி, உங்க அம்ம என்ன எழுதியிருக்கான்னு பாரு."

"குசுகுசுன்னு பேசுறது அதைவிடக் கெடுதல் அத்தை, மன்னிச்சுக்கோங்க, அப்படின்னு எழுதியிருக்காங்க ஆச்சி."

"மன்னிக்கதுக்கு நான் யாரு? அவன்கிட்ட கேளு" என்று அத்தை பெட்டியைக் காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவரிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை. அப்பாவுக்கு ஒன்பது வருஷமாகக் காது கேட்காது. மெஷின் வாங்கிக் கொடுத்ததை, ஊர் இரைச்சலெல்லாம் மண்டைக்குள்ள வருது என்று கழற்றி டப்பாவில் போட்டுவிட்டார். உதட்டைப் பார்த்தே எல்லாம் தெரிந்துகொள்வார். கோவிலில் அவர் இரண்டாவது பெஞ்சுக்கு மாறியது அதற்காகத்தான். அங்கேயிருந்துதான் பாடகர் குழுவில் நிற்கும் மகளின் வாய் நன்றாகத் தெரியும். அவரை நினைத்தே அவள் ஒவ்வொரு வார்த்தையையும் உதட்டில் திருத்தமாக வடித்துப் பாடப் பழகினாள்.

போன கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் அப்பா சொன்னார். காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில், தெருவே திரும்பிப் பார்க்க.

"ஏட்டி, பாடும்போது உனக்குக் கழுத்து நரம்பு பொடைக்கி. தோள் மேல ஏறுது. முன்னால இப்படி இல்லியே."

"எல்லாரும் நல்லாருந்துச்சுன்னுதானப்பா சொல்லுதாவ" என்று அவர் படிக்கும்படி அவள் உதட்டை அசைத்தாள்.

"அவங்க காதால கேக்காங்க. நான் பாத்துக்கிட்டுலா இருக்கேன்."

"வலிக்கலப்பா."

அவர் அவளுடைய உதட்டைப் பார்க்கவில்லை. தொண்டையைத்தான் பார்த்தார். பிறகு ஆறு மாதம் நச்சரித்து, அவரே குடையைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் கூட்டிப்போனார். காதுள்ள ஒருவருக்கும் கேட்காத விரிசல் அவருக்குக் கண்ணில் பட்டிருந்தது.

ஆபரேஷன் முடிந்த அந்த நாலு நாளில் ஊரே அவளோடு பேசத் தடுமாறியது. அப்பாவுக்கு மட்டும் ஒன்றும் மாறவில்லை. அவள் சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள், அவர் எப்போதும் போலப் படித்துக்கொண்டார். வியாழக்கிழமை ராத்திரி, காலையில காப்பி எத்தனை மணிக்குப்பா என்று கேட்டாள். ஆறுக்கு என்றார். அவ்வளவுதான்.

இன்னொன்றும் அவர் சொல்லியிருந்தார். ஆறு வருஷத்துக்கு முன் அவள் புருஷன் ஜாபேஸ் பைக்கில் அடிபட்டுச் செத்தபோது, ஜெபராணிதான் பாட்டு எடுத்துக் கொடுத்தாள். பெட்டியைத் தூக்கும்வரை பாடினாள். விசுவாசம்னா இதுலா விசுவாசம் என்று ஊரே மெச்சியது. வரிசையாக அடுத்த சரணம், அடுத்த பாட்டு என்று மனசு அதிலேயே இருந்ததால் ஜாபேஸின் முகத்தைக்கூட அவள் சரியாகப் பார்த்திருக்கவில்லை. வெகுநாள் கழித்து ஒரு சாயங்காலம் அப்பா தானாக ஆரம்பித்தார். "அன்னைக்கு யாராவது உன்னைப் பாட விடாம நிறுத்தியிருக்கணும். நானாவது நிறுத்தியிருக்கணும். உன் வாயையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன், கண்ணைப் பாக்கல."

வாசலில் சலசலப்பு கேட்டது. ஊர் வழக்கில் ஐயர் என்று அழைக்கும் குருவானவர் வந்துவிட்டார். கூடவே தம்பி கிங்ஸ்லியும் உள்ளே வந்தான். மஸ்கட்டிலிருந்து திருவனந்தபுரம் இறங்கி, காரில் மத்தியானம்தான் வந்து சேர்ந்திருந்தான். வந்ததும் பெட்டியின் மேல் விழுந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதான். நாலு வருஷமாக அப்பாவைப் பார்க்காதவன். அந்தச் சத்தத்தைக் கேட்டு அவளுக்குப் பொறாமையாக இருந்தது. துக்க வீட்டில் கூடப்பிறந்தவன்மேல் பொறாமைப்படுவோம் என்று அவள் நினைத்ததேயில்லை.

அவன் கையில் போன் இருந்தது. மஸ்கட்டிலும் பஹ்ரைனிலும் கனடாவிலும் இருக்கும் சொந்தங்கள் அதில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா" என்று குனிந்தான். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "ஒரே ஒரு சரணம். அப்பாவுக்கு உன் பாட்டுன்னா உயிரு. நான்தான் கூட இருந்து ஒண்ணும் செய்யல. இதையாவது..."

அவள் எழுதினாள்: பத்து நாள் முடியல கிங்ஸ்லி. குரல் போயிரும்.

அவன் படித்தான். அவனுக்குக் கோபம் வரவில்லை, வந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். இன்னும் கிட்டத்தில் வந்தான்.

"சரிக்கா, பாடாண்டாம். வாயை மட்டும் அசை. ஸ்டெபி உன் பின்னால நின்னு பாடட்டும். உனக்கும் அவளுக்கும் ஒரே குரல்தான், போன்ல பாக்கவங்களுக்குத் தெரியவா போகுது? இங்கன இருக்கவங்களும் என்னத்தக் கண்டாங்க. நாளைக்கு உன்னை ஒருத்தரும் ஒரு சொல்லு சொல்லக் கூடாதுக்கா. அதுக்குத்தான் சொல்லுதேன்."

ஸ்டெபி துண்டைக் கையில் பிடித்தபடி அம்மாவைப் பார்த்தாள். பாயில் இருந்தவர்கள் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெபராணி பேனாவை எடுத்தாள். எழுத ஒன்றுமில்லை. உதட்டை அசைக்க டாக்டரம்மா தடை சொல்லவில்லை. புண்ணுக்கு ஒரு கேடும் இல்லை. இவ்வளவு நேரம் அந்த நோட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவளுக்கு இப்போது மறைவு இல்லாமல் போயிற்று. செய்துவிட்டுப் போகலாம். அரை நிமிஷ வேலை. ஊர் வாயும் அடைபடும், தம்பி மனசும் ஆறும்.

அவள் கண்ணாடிக்குள் பார்த்தாள். ஒன்பது வருஷம் இவருக்கு என் குரல் என்பது இந்த உதடுதானே. இந்த உதட்டால் ஒரே ஒரு பொய்தான் சொன்னேன், அதையும் இவர் நம்பவில்லை. எல்லாருக்கும் முன்னால் இவர் தலைமாட்டில் நின்று, வேறொருத்தி குரலுக்கு இதை அசைக்கவா? அதோடு, அடுத்த வரி என்ன என்று பார்த்துக்கொண்டே இன்னொரு முகத்தையும் பார்க்காமல் அனுப்பவா?

கண்ணாடியில் மறுபடி நீர் பூத்தது. ஸ்டெபி துடைத்தாள். ஆனால் முகம் தெளியவில்லை. கலங்கியிருந்தது கண்ணாடி இல்லை என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சூடாக ஒரு சொட்டு நோட்டின் மேல் விழுந்து, கிங்ஸ்லி என்று எழுதியிருந்த இடத்தில் மை பரவியது. சத்தம் வரவில்லை. அதற்கு அடுத்ததற்கும் வரவில்லை.

"அக்கா?" என்றான் கிங்ஸ்லி. "ஐயர் ஜெபம் தொடங்கப் போறாவ. வாரியா?"

அவள் பேனாவை மூடி நோட்டுக்குள் வைத்தாள். நோட்டை மடித்து அத்தையின் பொட்டலத்தோடு கீழே வைத்தாள். தம்பியின் கையைப் பிடித்து, அவனைப் பெட்டிக்குப் பக்கத்தில் தன்னோடு உட்காரவைத்தாள். அவன் இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். உதட்டை மூடிக்கொண்டே ஜெபராணி தலையை மெல்ல அசைத்தாள், மாட்டேன் என்று.