தறி ஓடும்போது கேட்ட குரல்

1952 ஆகஸ்டு பதினொன்றாம் தேதி காலை பத்தே காலுக்குப் பிறகு ஆராவமுதனின் குரல் விசைத்தறி ஓடும்போது மட்டுமே கேட்டது. செங்கல்பட்டில் ரயில் பாதையை ஒட்டி அரசு நடத்திய நெசவுப் பயிற்சிப் பள்ளியில் அவர் ஆசிரியர். அன்றுதான் ஆறு விசைத்தறிகள் முதன்முதலாக ஓடின. தறிகளை நிறுத்தியதும், தொடக்க விழாவுக்கு வந்தவர்களுக்கு நன்றி சொல்ல வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, ஒலி இல்லை. மறுபடி ஓடவிட்டபோது, அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் அவர் பேசியது பதினெட்டு மாணவர்களுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்டது. தொண்டையில் கோளாறு இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். பள்ளித் தலைவருக்கு இது வசதியாகவே இருந்தது. மற்ற ஆசிரியர்கள் தறிக் கொட்டகையில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டார்கள். கரும்பலகைப் பாடங்களை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, தறிப் பாடம் முழுவதையும் ஆராவமுதனிடம் விட்டார். அந்த ஆண்டுத் தேர்வில் பதினெட்டு பேரும் தேறினார்கள்.

1954இல் ஊரப்பாக்கத்துக் கோமளத்தை அவருக்கு மணம் பேசினார்கள். பெண் பார்க்க வந்தபோது அவர் பேசாததை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். கல்யாணத்தில் நாதஸ்வரம் காப்பாற்றியது. மூன்றாம் நாள் அவர் சிலேட்டில் எல்லாவற்றையும் எழுதிக் காட்டினார். கோமளம் படித்துவிட்டு, "சரி, தோசைக்கு என்ன தொட்டுக்கறேள்?" என்று கேட்டாள். ஆனால் கலகலப்பான வீட்டில் வளர்ந்தவள். நாள் முழுக்க அவள் பேசினாள், சாயங்காலம் சிலேட்டில் 'சரி' என்று பதில் வந்தது. கோபத்தில் எழுதிய சரியும் ஆசையில் எழுதிய சரியும் ஒரே மாதிரி இருந்தன.

மூன்று மாதம் கழித்து, அவர் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். உள்ளே நுழைந்ததும் ஒரு குரல் அவள் காதருகே, "அறுந்த நூலைத் திட்டாதே. எங்கே அறுந்துதுன்னு பாரு" என்றது. தூரத்தில் நின்று அவர் ஒரு மாணவனுக்குச் சொன்னது. அவள் மனதுக்குள் அவருக்குக் கொடுத்து வைத்திருந்த குரல் கொஞ்சம் கீச்சு. இது கனத்த குரல். சாப்பாட்டைத் தூணோரம் வைத்தாள். பிறகு, "நேத்து ரசம் எப்படி இருந்தது?" என்று கத்தினாள்.

"உப்பு தூக்கல்" என்றார். மாணவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்து சிரித்தார்கள்.

அதன்பிறகு தினமும் சாப்பாட்டோடு போனாள். அரிசி, சீயக்காய், மாமனார் கடிதம் எல்லாம் பேசினார்கள். அவர் சொல்வது எல்லோர் காதுக்கும் ஒரே அளவில் போய்ச் சேர்ந்ததால் வேறெதுவும் பேச முடியவில்லை. நாலு வருஷம் அப்படிப் போனது.

1958இல் உத்தரவு வந்தது. நெசவுப் படிப்பை மேற்கே ஓரூரில் பெரிய கல்லூரியாக நடத்தப் போகிறார்கள், ஆறு தறியும் அங்கே போகும். அங்கே பாடம் எடுக்கப் பட்டம் வேண்டும். ஆராவமுதனிடம் இருந்தது டிப்ளமோ. அவரைக் கைத்தறிக் கூட்டுறவு அலுவலகத்தில் நூல் எடை பார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். அங்கே பேச வேண்டிய அவசியம் இல்லை.

லாரி வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை மெக்கானிக் சுலைமான் இருவரையும் வரச்சொன்னார். ஆறு தறியையும் ஓடவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சாரு, நீங்க பேசிக்கினு இருங்க. நான் அந்தாண்ட வேப்பமரத்தாண்ட போயி குந்திக்கிறேன். ஒரு வார்த்தகூட என் காதுல வுழாது. கரண்டு நாலு மணி வரைக்கும் கீது."

உள்ளே என்ன பேசினார்கள் என்பதற்குப் பதிவு இல்லை. நாலு மணிக்கு வெளியே வந்தபோது கோமளத்தின் முகம் வீங்கியிருந்தது, அவர் வேட்டியெல்லாம் பஞ்சு. பின்னாளில் அவள் கேட்கப்போகிற கேள்விகளுக்கும் அன்றே சேர்த்துப் பதில் சொல்லிவிட்டார் என்பது மெல்லத்தான் தெரிந்தது. வீடு மாறலாமா, தம்பிக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கலாமா என்று எதைக் கேட்கப் போனாலும், கேட்பதற்குள் அவர் சொன்னது ஞாபகம் வந்தது. அக்கம்பக்கத்தார் யோசனை கேட்டு வந்தால், "அதுக்கு அவர் அன்னிக்கே சொல்லிட்டார்" என்பாள். அவர்களும் கேட்டுக்கொண்டு போனார்கள்.

1959 தை மாதம், அலை இரைச்சல் உதவுமோ என்று இருவரும் மாமல்லபுரம் போனார்கள். கடலோரம் உட்கார்ந்து வெகுநேரம் கழித்து அவள், "ஏன்னா, நீங்க பக்கத்துல இருக்கறச்சேயும் எனக்குத் தனியா இருக்காப்லயே இருக்கே" என்றாள். சொன்ன பிறகு காத்திருந்தாள். எதுவும் ஞாபகம் வரவில்லை. இதற்கு அவர் பதில் சொல்லி வைக்கவில்லை.

ஆராவமுதன் எழுந்து நின்று பேசத் தொடங்கினார். கழுத்து நரம்பு புடைத்தது, கையை வீசினார். அலை மட்டும் கேட்டது. கொஞ்சம் தள்ளி வலையைப் பிரித்துக்கொண்டிருந்த தாவீது என்ற மீனவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா, அண்ணாத்த யாரக் கூப்புடறாரு?"

"யாரையும் இல்லே. என்கிட்டதான் பேசிண்டிருக்கார்."

"அப்டியா" என்றார் தாவீது. பேச்சுக்கு இடைஞ்சலாக இருக்க வேண்டாமென்று வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, நாலு படகு தள்ளிப் போய் உட்கார்ந்தார்.