மேடமும் அக்காவும்

விராலிமலையில் என் தையல் கடைக்கு மேல்மாடியில் இளையோர் மனநல ஆலோசனை மையம் நடக்கிறது. வெளிப்படிக்கட்டில் பெரிய போர்டு. பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள், யார் ஏறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். பார்க்கவும் செய்வார்கள். நானும் பார்த்திருக்கிறேன். யார் வீட்டுப் பிள்ளை என்பதை மட்டும் வெளியே சொல்வதில்லை, மற்றதெல்லாம் சொல்வேன்.

ஆறு வருஷமாக அங்கே ஆலோசகர் பிரகதாம்பாள். போன வருஷம் இரண்டாவது ஆலோசகராக வைஷ்ணவி வந்து சேர்ந்தாள். வந்த வாரமே, என் கடைக்குள்ளிருந்து மேலே போகும் உள்படியைப் பிள்ளைகளுக்குத் தருவீர்களா என்று கேட்டாள். தந்தேன். அதற்குப் பிறகுதான் கூட்டம். பெண்கள் ரவிக்கைத் துணியோடு வருவார்கள், பையன்கள் பேன்ட்டோடு. ஒருவன் நாலு வாரமாக ஒரே பேன்ட்டைக் குட்டையாக்கக் கொண்டுவந்தான். சொன்னபடி வெட்டியிருந்தால் இந்நேரம் டவுசராகியிருக்கும்.

எல்லாரும் தேடுவது வைஷ்ணவி அக்காவை. பிரகதாம்பாளை மேடம் என்பார்கள், வணக்கம் வைப்பார்கள், தாண்டிப் போவார்கள். மேடத்தின் முகம் புளித்த மோர் குடித்ததுபோல் ஆகிவிடும். ஒருநாள் கீழே வந்து என்னிடமே கேட்டாள்: "நான் படிக்காத எதை அவ படிச்சுட்டா, செவந்தி? பல்லைக் காட்டுனா போதுமா?"

பிப்ரவரியில்தான் சேதி வந்தது. நிதி கொடுக்கும் நிறுவனம் ஏப்ரலிலிருந்து ஒருத்தருக்குத்தான் சம்பளம் தருமாம். யாரை வைத்துக்கொள்வது என்று பார்க்கத் திருச்சியிலிருந்து அந்த நிறுவனத்து ஜெரால்டு சார் சனிக்கிழமை வருவதாக ஏற்பாடு.

அன்று காலை உள்படியின் மேல்கதவு பூட்டியிருந்தது. பிரகதாம்பாளின் யோசனை எனக்குப் புரிந்தது. வெளிப்படியில் ஏறினால் முதலில் வருவது அவள் மேசை. சார் கண்முன்னே ஒவ்வொருவராக அவளே அழைத்துப் பேசலாம். அந்தப் போர்டுக்குக் கீழே ஒரு பிள்ளையும் தானாக ஏறாது என்பது ஆறு வருஷத்தில் அவளுக்கு விளங்கவில்லை.

ஒன்பது பேர் என் கடையில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார்கள். அங்கிட்டுச் சுற்றிப் போகச் சொன்னேன். யாரும் அசையவில்லை. பேன்ட் பையன் மட்டும் எழுந்தான்; பஸ் ஸ்டாப்பில் தன் சித்தப்பா நிற்பதைப் பார்த்து மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

டீ கொடுக்கும் சாக்கில் நான் மேலே போனேன். காலி பெஞ்சுக்கு எதிரே ஜெரால்டு சார். வைஷ்ணவி உள்கதவைத் தள்ளிப் பார்த்தாள், பிரகதாம்பாளைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தாள். சொல்லியிருந்தால் எனக்குச் சுவாரசியமாக இருந்திருக்கும். பதினொன்றரைக்கு சார் பையை மூடினார். யாருமே வராத இடத்துக்கு ஒரு ஆளும் வேண்டாம், மையத்தையே மூடலாம் என்று எழுதப்போவதாகச் சொன்னார்.

பிரகதாம்பாள் கைப்பையிலிருந்து சாவியை எடுத்தாள்.

"இருங்க சார். கதவை நாந்தான் பூட்டுனேன். கீழ வந்து பாருங்க."

சார் உள்படியில் பாதிவரை இறங்கினார். பிள்ளைகள் தலைகுனிந்ததும் திரும்பிவிட்டார். திங்கட்கிழமை போன் வந்தது. மையம் தொடரும், வேலை வைஷ்ணவிக்கு.

மார்ச் கடைசி நாள் பிரகதாம்பாள் தன் பொறுப்பிலிருந்த ஃபைல்களை ஒப்படைத்தாள். படி கூட்டுவதுபோல் நான் அங்கேதான் நின்றேன். ஃபைலுக்கு ஒரு குத்தல். இவனிடம் உன் சிரிப்பு எடுபடாது, அவளுக்கு உன் அவசரம் ஆகாது என்று அடுக்கினாள். கடைசி ஃபைலை மட்டும் கையைவிட்டு விடவில்லை.

"இந்தப் புள்ளைக்குச் செவ்வாக்கிழமை போன் பண்ணிராத. அப்பா வீட்டுல இருப்பாரு."

"சரிங்கக்கா."

"ரெண்டு வருஷமா வாயத் தொறக்காதவ. எங்கிட்டதான் மொதல்ல அழுதா. அதையும் எழுதிக்க."

வைஷ்ணவி எழுதினாள். சரியாக எழுதுகிறாளா என்று மேடம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.