பத்து நாள் பலகை

துணி துவைக்கும் மெஷின்களைப் பழுது பார்ப்பது என் தொழில். இருபத்திரண்டு வருஷமாக ஒரே பாணிதான். மெஷினைச் சுவரிலிருந்து இழுப்பேன், பின்மூடியைக் கழற்றுவேன், டார்ச் அடித்துப் பார்ப்பேன், பெரிதாக ஒரு மூச்சு விட்டு, "இது தேறுறது கஷ்டங்க" என்பேன். வீட்டுக்காரர்களுக்கு முகம் செத்துப்போகும். அரை மணி நேரத்தில் அதைச் சுற்ற வைத்துவிட்டால், செத்தவரைப் பிழைக்க வைத்த டாக்டரைப் போல என்னைப் பார்ப்பார்கள். முதலிலேயே "பெல்ட்தான், அஞ்சு நிமிஷ வேலை" என்று சொல்லிப் பாருங்கள். குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

இந்தப் பழக்கத்தைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வீட்டுக்குள் வர எனக்குத் தெரியவில்லை. வானம் கறுத்தால் கூரை ஒழுகப்போகிறது என்பேன். யாராவது தும்மினால் காய்ச்சல் வரப்போகிறது என்பேன். சில சமயம் வந்தும் தொலைக்கும்.

என் மனைவி நேர் எதிர். அவள் ஒரு டாக்ஸி அலுவலகத்தில் தொலைபேசி எடுப்பவள். எட்டு மணி நேரம் பேசிவிட்டு வந்தாலும் அவள் வாய்க்கு ஓய்வு கிடையாது. காலையில் வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும் வாசலில் நிறுத்தி, தலையில் கை வைத்து, விசுவாசமாக நாலு வார்த்தை சொல்லித்தான் அனுப்புவாள். "இன்னிக்கு ஆண்டவர் உனக்கு முன்னாடி போறார். நீ தனியா போகல." நாங்கள் ஆமென் சொல்லிவிட்டு ஓட வேண்டும். என் வேன் கிளம்பாமல் இருமினால் அதன் மூக்கிலும் கை வைப்பாள்.

"அதுக்கு வேண்டியது பேட்டரி. ஜெபம் இல்ல" என்பேன்.

"பேட்டரியையும் மாத்துங்க. அப்படியே உங்க வாயையும் மாத்துங்க" என்பாள்.

நானும் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிறவன்தான். கடைசி வரிசை, மின்விசிறிக்குக் கீழே என் இடம். ஆனால் நாலு பேர் கேட்க வாய்விட்டு ஜெபிப்பது என்றால் எனக்கு உடம்பெல்லாம் கூசும். வீட்டில் அந்த இலாகா அவளுடையது. ஆமென் மட்டும் என்னுடையது.

அப்படிப்பட்டவளுக்குத்தான் குரல் கம்மத் தொடங்கியது. முதலில் சளி என்றாள். பிறகு தூசி என்றாள். மூன்றாவது மாதம் தொலைபேசியில் ஒருவர், "ஐயா, ஒரு வண்டி அனுப்புங்க" என்று அவளைக் கூப்பிட்டதும் அவளே டாக்டரிடம் போனாள். குரல் நாணில் ஒரு கட்டி. கெட்ட கட்டி இல்லை என்று தொண்டை டாக்டர் அம்மா உறுதியாகச் சொல்லிவிட்டார். எடுப்பது சுலபம், ஆனால் அது இருக்கும் இடம் சரியில்லை. எடுத்த பிறகு குரல் பழையபடி வருமா, வராதா என்பதைப் பத்து நாள் கழித்துத்தான் சொல்ல முடியும்.

"அந்தப் பத்து நாளும் ஒரு சத்தம் வரக்கூடாது" என்றார் டாக்டர். "பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. இருமல் வந்தா தண்ணி குடிச்சு அடக்கணும். முக்கியமா, வாய்விட்டுச் சிரிக்கவே கூடாது. புண்ணு பிரிஞ்சா அப்புறம் என்னைக் கேட்காதீங்க."

ஆபரேஷனுக்கு உள்ளே போகும் முன் என் மனைவி கடைசியாக என்னிடம் சொன்னது இதுதான்: "பத்து நாள் உங்க வாயைக் கொஞ்சம் பாத்துக்குங்க."

பார்த்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் மகளுக்குக் கார் ஓட்டும் தேர்வு. ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவள். வழக்கம்போல வாசலில் வந்து தலையைக் குனிந்து நின்றாள். என் மனைவி அவள் தலையில் கை வைத்தாள். உதடு அசையாமல் கண்ணை மூடிக்கொண்டாள். மகள் காத்திருந்தாள். வீடே சத்தமில்லாமல் இருந்தது. அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. நான் திருவாய் மலர்ந்தேன்:

"ரிவர்ஸ் எடுக்கிறப்பதான் நீ எப்பவும் கோட்டை விடுவ. பாத்துக்க."

ரிவர்ஸில் கோட்டை விட்டாள். மத்தியானம் வந்து பையைத் தூக்கி நாற்காலியில் எறிந்தாள். "அப்பா, கண்ணாடியைப் பாக்கறப்ப எல்லாம் நீங்க சொன்னதுதான் காதுல கேட்டுச்சு. அம்மா சொல்ற மாதிரி ஒண்ணுமே கேக்கல" என்று அழுதாள்.

எனக்குக் கோபம் வந்தது. ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொள்ளாமல் பழியை என்மேல் போடுகிறாளே என்று. கொஞ்ச நேரத்தில் கோபம் இறங்கி வெட்கம் வந்தது. இந்த வீட்டில் இத்தனை வருஷமாக இரண்டு குரல்கள் பேசிக்கொண்டிருந்திருக்கின்றன. ஒன்றை நிறுத்தியதும் மற்றது எப்படி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கே கேட்டது.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் கடைச் சாமான் எழுத ஒரு சின்ன வெள்ளைப் பலகை தொங்கும். மறுநாள் காலை என் மனைவி அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவள் வாசலில் சொல்லும் வார்த்தைகள் அதில் எழுதியிருந்தன. கீழே, "நீங்கள் வாசியுங்கள்."

"நானா?"

பேனாவின் பின்பக்கத்தால் பலகையில் டொக் டொக் என்று தட்டினாள்.

வாசித்தேன். "இன்றைக்கு ஆண்டவர் நமக்கு முன்னே போகிறார். நாம் பயந்துகொண்டு போகவில்லை. கொடுத்ததற்கு நன்றி, கொடுக்கப்போவதற்கும் நன்றி." ரசீது வாசிப்பதைப் போல ஒரே மூச்சில் முடித்தேன். மகள் ஆமென் சொல்வதற்குள் மறுபடி டொக் டொக். ஓரத்தில் ஒரு சொல் சேர்த்தாள்: "உயிரோடு."

மறுபடி வாசித்தேன். காது சுட்டது. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டிருப்பாரோ என்று சுவரைப் பார்த்தேன். மகள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். ஆனால் வேனில் போகும்போது ஒன்று கவனித்தேன். வாசித்த வார்த்தை வாயிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது அது தானாக வந்துவிட்டுப் போனது.

ஆறாம் நாள்தான் அந்தக் கூத்து நடந்தது. அவள் பலகையின் முன்பக்கம் வீட்டு வேலைகளை எழுதுவாள், பின்பக்கம் ஜெபம். இரண்டுமே "இன்றைக்கு" என்றுதான் தொடங்கும். நான் மூக்குக் கண்ணாடியை வேனில் விட்டுவிட்டேன். இரண்டு நாள் அனுபவம் கொடுத்த தைரியத்தில் குரலைத் தாழ்த்தி, கண்ணை இடுக்கி, உயிரோடு வாசித்தேன்:

"இன்றைக்கு... குப்பைப் பையை வெளியே வைக்கவும். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. ஏழு முறை சொல்லியாயிற்று."

"ஆமென்" என்றாள் மகள், கண்ணை மூடியபடியே.

 பிறகு என் மனைவியின் கன்னங்கள் உப்பின. கண்கள் பிதுங்கின. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். உடம்பு குலுங்கியது. எங்கள் முகத்தைப் பார்த்தால் வெடித்துவிடுவோம் என்று நினைத்தாளோ என்னவோ, குளியலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து ஒரு சத்தம். சிரிப்பா, இருமலா, தெரியவில்லை. ஒரே ஒரு சத்தம்தான்.

 புண்ணு பிரிஞ்சா அப்புறம் என்னைக் கேட்காதீங்க. டாக்டர் சொன்னது அப்படியே காதில் விழுந்தது. கதவுக்கு வெளியே பலகையும் கையுமாக நின்றேன். உள்ளே குழாய் சொட்டுவது கேட்டது. அவள் சத்தம் இல்லை.

"ஆண்டவரே" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். பலகையில் இல்லாத வார்த்தைகள் வந்தன. "அந்தப் புண்ணைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க. அவ குரலை எடுத்துறாதீங்க. அந்தக் குரல் இல்லன்னா இந்த வீட்டுல என் குரல்தான் இருக்கும். அது நல்லால்ல, உங்களுக்கே தெரியும்."

மகள் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். ஆமென் சொல்லவில்லை. என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. முகம் கழுவிக்கொண்டு வந்தவள் பலகையை வாங்கி எழுதினாள்: "வலிக்கவில்லை. வேலைக்குப் போங்கள்." போவதற்கு முன் குழாயின் வாஷரை மாற்றினேன். நாலு நிமிஷ வேலை.

அன்றைக்கு ஒரு சலூனில் மெஷின். துண்டுகள் துவைப்பது. சலூன்காரர் பழைய வாடிக்கை. பின்மூடியைக் கழற்றி டார்ச் அடித்தேன், மூச்சு விட்டேன், அவர் முகத்தைச் சுருக்கத் தயாராக நின்றார். எனக்கு அந்த "தேறுறது கஷ்டங்க" வரவில்லை. அன்றைக்கு எந்த அபசகுனமான வார்த்தையையும் என் வாயிலிருந்து வெளியே விட எனக்குப் பயமாக இருந்தது.

"சரியாயிடும்க" என்றேன். "பம்புல ஒரு சீப்பு மாட்டியிருக்கு. அவ்வளவுதான்."

சலூன்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் என்ன மதமோ, எனக்குத் தெரியாது. "நல்ல குரலுங்க உங்க வீட்டம்மாவுக்கு. போன்ல வண்டி கேட்டா, பத்திரமா போயிட்டு வாங்கன்னு சொல்லித்தான் வைப்பாங்க. எல்லாருக்குமே அப்படித்தான் சொல்லுவாங்க போல" என்றார். எனக்கு அது தெரியாது. வாசலில் எங்களுக்குச் சொல்வது போதாமல், முகம் தெரியாத எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள்! அந்த மெஷினுக்குப் பின்னால் குந்தியிருந்தபடியே அவளைக் கட்டியவன் என்ற முறையில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பத்தாம் நாள் மூன்று பேரும் போனோம். டாக்டர் சின்னக் கேமராவை விட்டுப் பார்த்தார். "ஆறியிருக்கு. எங்கே, மெதுவா ஆ சொல்லுங்க."

அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"அவசரமில்ல. இன்னொரு தடவை."

காற்று. மூன்றாம் தடவையும் காற்று. டாக்டர் நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டார். என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுடைய பழைய வேலை போனபோதும், வீட்டை மாற்றியபோதும், மகள் காய்ச்சலில் கிடந்தபோதும் அவள் கண்ணில் நான் பயத்தைப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கிறாள் என்று புரிந்தது. என் நாக்கின் நுனியில் பழைய ஆள் தயாராக நின்றான்: அன்னிக்குச் சிரிச்சதுதான் கெடுத்துருச்சு. அவனை விழுங்கினேன். அவள் தலையில் கை வைத்தேன். டாக்டர் இருக்கிறாரே என்ற கூச்சமெல்லாம் எங்கே போனதோ!

"இன்றைக்கு" என்று தொடங்கினேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.  ஆண்டவர், முன்னே, பயம், நன்றி எல்லாம் பலகையிலிருந்து துடைத்துவிட்டதுபோலக் காணாமல் போய்விட்டன. தேடித் தேடிக் கடைசியில் கைக்குக் கிடைத்தது எதுவோ அதைச் சொன்னேன்:

"இன்றைக்கு... குளியலறைக் குழாய் ஒழுகுகிறது."

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பின்னாலிருந்து மகள், அழுதுகொண்டே, "ஆமென்" என்றாள்.

என் மனைவி சிரித்தாள். முதலில் காற்றாகத்தான். பிறகு அடியிலிருந்து ஏதோ ஒன்று கரகரத்து, பிசிறடித்து, மேலே வந்து சத்தமாகியது. அவள் சத்தம். நன்றாகத் தெரிந்த சத்தம்.

"அதுதான்! அதுதான் குரல்!" என்று டாக்டர் மேஜையைத் தட்டினார்.

"அதைத்தான்... சரி பண்ணிட்டீங்களே" என்றாள் அவள்.

நான் அங்கேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். நன்றி, நன்றி என்பதைத் தவிர வேறொன்றும் வாயில் வரவில்லை. டாக்டருக்குச் சொன்னேனா, ஆண்டவருக்குச் சொன்னேனா என்று கேட்டால், இரண்டு பேருக்கும்தான்.

முதல் வாரம் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம்தான் பேசலாம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம் என்று உத்தரவு. மறுநாள் காலை நான் வேன் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, அந்தப் பத்து நிமிஷத்தில் என் பங்கு எவ்வளவு என்று காத்திருந்தேன். அவள் பலகையைக் கொண்டுவந்து நீட்டினாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

நீங்களே சொல்லுங்கள் என்பதுபோல என் வாயை நோக்கி விரலைக் காட்டினாள்.

"உனக்குத்தான் குரல் வந்துருச்சே!"

 அவள் மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். நான் பலகையைச் சுவரோரம் வைத்தேன். இரண்டு தலைகள், எனக்கு இரண்டு கைகள், சரியாக இருந்தது.

"ஆண்டவரே, இன்னிக்கு இவங்களுக்கு முன்னாடி போங்க. என் பொண்ணு ரிவர்ஸ் எடுக்கிறப்ப பயப்படமாட்டா. என் வீட்டுக்காரி பேசறதைக் கேட்டு யாரோ பத்திரமா வீடு போய்ச் சேருவாங்க. குரல் கொடுத்ததுக்கு நன்றி. முதல்ல இவளுக்குக் கொடுத்ததுக்கு. அப்புறம் எனக்கும்."

இத்தனை வருஷமாக அவள் சொல்ல, நாங்கள் முடித்து வைத்திருக்கிறோம். அன்றைக்கு, இன்னும் பிசிறு போகாத அந்தக் குரலில், தன்னுடைய பத்து நிமிஷத்தின் முதல் வார்த்தையை அவள் எனக்குச் செலவழித்தாள்.

"ஆமென்" என்றாள்.