மரியாதைக்குத் தட்டியவள்

மாஸ்டர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு இன்னும் எவ்வளவு நேரம்தான் நிற்பாரோ. பேச்சு முடிவதற்குள் மூச்சு முட்டி விழுந்தால், போட்டிக்கு முன்பே நம் பக்கம் ஒருவர் அவுட்.

அவர் பேசிக்கொண்டிருந்தார். ஜியு-ஜிட்சு மல்யுத்தம் என்றாலே பணிவாம். தன் படத்தையே நெஞ்சில் அச்சடித்த பனியனோடு நின்று அதைச் சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளை உதறிப் போடுகிறவள். பயிற்சியில் சேர்ந்து ஏழு மாதம். ஞாயிற்றுக்கிழமை முதல் போட்டி. இந்த உடம்பால் என்ன முடியும் என்று ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் பெயர் கொடுத்தாள். மூன்று வாரமாகப் படுக்கையறைத் தரையில் மல்லாந்து படுத்து இடுப்பை நகர்த்திப் பழகினாள். "அப்படியே ஒரு துணியையும் கையில எடுத்துக்கோ, தரை சுத்தமாகும்," என்றான் கணவன். தன் நகைச்சுவைக்குத் தானே சிரிக்கும் பிறவி.

அவள் எடைப்பிரிவில் பெண்கள் இரண்டே பேர். மற்றவள் மாஸ்டரின் மச்சினி. தினமும் அவளோடுதான் பயிற்சி. கையை மடக்கும்போது தாங்க முடியாதவர் எதிராளியின் உடம்பில் இரண்டு தட்டுத் தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகக் கணக்கு; உடனே பிடியை விட்டுவிட வேண்டும். இவளோ பிடி இறுகும் முன்பே தட்டிவிடுவாள். பெரிய இடத்துப் பெண், எதற்கு வம்பு என்று. மச்சினி அதைத் தன் திறமை என்று நம்பிவிட்டாள். மாஸ்டரும்தான். இந்த இரண்டு முட்டாள்களையும் வளர்த்துவிட்டது தன் உள்ளங்கைதான் என்று நினைத்தபோது, இளக்காரத்தில் பாதி தன் மேலேயே திரும்பியது.

மற்றவர்கள் கிளம்பியதும் மாஸ்டர் அருகே வந்தார்.

"ஏம்மா, ஞாயித்துக்கிழமை ரெண்டாவது நிமிஷத்துல தட்டிடு."

"எதுக்கு மாஸ்டர்?"

"என் மச்சினியோட மாமியார் வந்து உக்காரப் போறாங்க. நீ எப்படியும் தட்டத்தான் போறே. கொஞ்சம் பாக்க லட்சணமா தட்டு, அவ்வளவுதான்."

கதவோரம் நின்ற மச்சினி, "பயப்படாதீங்கக்கா, மெதுவாத்தான் மடக்குவேன்," என்றாள்.

மெதுவாகவாம். அந்தப் பிடியில் ஒரு தலையணை உறைகூட நிற்காது.

"இவ்வளவு நாள் மரியாதைக்குத் தட்டினேன் மாஸ்டர்."

அவருக்குப் புரியவில்லை. "அதே மரியாதைதான்மா கேக்கறேன்."

"நிஜமா வலிச்சா தட்டறேன்," என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "சும்மா தட்ட மாட்டேன்."