இருநூறு வார்த்தைகளில் குடும்பச் சூழல்

வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். படித்தது என்னவோ புள்ளியியல்தான். பேச்சு வந்த நாளிலிருந்தே எதற்கும் ஒரு மறுபேச்சு வைத்திருப்பவள் என்பதால் அப்பா வைத்த பெயர் அது. அப்படிப்பட்ட வக்கீல் எழுதிக் கொடுத்த முதல் வாக்குமூலமே பொய்யாகப் போனது. அதுவும் யார்மேல்? பெயர் வைத்தவர்மேலேயே.

பல்கலைக்கழகத்தில் மதிப்பெண்ணுக்கென்று ஒரு சலுகை இருந்தது. நுழைவுத் தேர்வில் முதல் பத்து இடங்களுக்குள் வந்துவிட்டால் பாதிக் கட்டணம் தள்ளுபடி. அவள் நான்காவதாக வந்திருந்தாள். மீதிப் பாதியைக் கட்ட ஓர் அறக்கட்டளை இருந்தது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர்கள் கட்டுவார்கள். ஆனால் வசதியின்மைக்கு அவர்கள் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அப்பாவின் சம்பளம் அந்தக் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. பணக்காரராக இருக்கத்தான் கொடுப்பினை இல்லை என்றால், ஏழையாக இருக்கவும் தகுதி போதவில்லை.

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படித்த அக்கா ஒருத்தி விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு வழி சொன்னாள்.

“மார்க் எல்லார்கிட்டயும் இருக்கு. கஷ்டமும் எல்லார்கிட்டயும் இருக்கு. அப்பா சம்பளம் வாங்கறார்னு எழுதினா உன் பேப்பரை ஓரமா வெச்சுடுவாங்க. சம்பளம் வீட்டுக்கு வந்து சேர்றதில்லன்னு எழுது. குடிக்கிறார்னு சொல்லிடு. யாரு வந்து மோந்து பாக்கப் போறாங்க?”

கடைசிப் பக்கத்தில், ‘உங்கள் குடும்பச் சூழலை இருநூறு வார்த்தைகளுக்குள் எழுதுக’ என்று இருந்தது. அவள் எழுதினாள். சம்பள நாளன்று அப்பா வீட்டுக்கு வர மாட்டார் என்று எழுதினாள். அம்மா துணி தைத்துத்தான் அடுப்பெரிகிறது என்று எழுதினாள். குடித்துவிட்டு வந்து ஒருநாள் தன் புத்தகங்களைத் தெருவில் வீசினார் என்றும், மழையில் நனைந்த பக்கங்களைத் தான் இஸ்திரிப் பெட்டியால் காய வைத்ததாகவும் எழுதினாள். எழுத எழுதக் கை நன்றாக ஓடியது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்கிறார்கள், ஒரு படிப்புக்கு ஒரே ஒரு பொய் தாங்காதா என்று தனக்குத்தானே வாதாடி, தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள்.

அசல் அப்பாவோ, இருமல் மருந்து ஒரு மூடி குடித்தாலே தலை சுற்றுகிறது என்று படுத்துவிடுகிற ஆள். புத்தகத்தை வீசுவதாவது. பழைய பாடப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக் கட்டிலுக்கடியில் இன்னும் அடுக்கி வைத்திருப்பவர்.

அறக்கட்டளையிலிருந்து ஒரு மேடம் வீட்டைப் பார்க்க வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, முன்னறிவிப்பில்லாமல். அம்மா தையல் மெஷினில் இருந்தாள். அப்பா பக்கத்து வீட்டுக்காரரின் கண்ணாடிக்குத் திருகாணி போட்டுக்கொண்டிருந்தார். இருந்த ஒரே நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளிப் போட்டுவிட்டு மேடத்தை உட்கார வைத்தார்கள். மேடம் நல்லவர், கோப்பைத் திறக்கும்போதே கண் கலங்கியிருந்தது.

“உங்க பொண்ணு எழுதினதைப் படிச்சிட்டு எனக்குத் தூக்கமே வரலைங்க,” என்றார் அம்மாவிடம். “எத்தனை வருஷமா குடிக்கறாரு?”

“யாரு?” என்றாள் அம்மா.

“உங்க வீட்டுக்காரர்தான்.”

“இவரா?” அம்மாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. “நல்லா கேட்டீங்க போங்க. இவரு...”

“பத்து வருஷம் இருக்கும் மேடம்,” என்றார் அப்பா.

அதைச் சொல்வதற்கு முன்னால் அவர் மகளை ஒரு தரம் பார்த்திருந்தார். கதவோரத்தில் வெளிறிப்போய் நின்ற முகத்தைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. திருகாணியைத் தட்டில் வைத்தார். தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, பார்க்கச் சகிக்காத ஒரு காரியம் செய்தார்: வலது கையை லேசாக நடுங்க விட்டார்.

“என்ன குடிப்பீங்க?”

“கிடைக்கறதைக் குடிப்பேங்க.”

“எவ்வளவு?”

“வயித்துக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு.”

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் சொல்கிற பதில். வேறு சமயமாக இருந்தால் அவளே விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது உடம்பெல்லாம் கூசியது. மேடம் அப்பாவைப் பார்த்த பார்வையில் இருந்த இரக்கமும் அருவருப்பும் ஒவ்வொன்றும் தனக்கு வர வேண்டியவை என்று தெரிந்தது. வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் போதும். அவள் சொல்லவில்லை.

மேடம் போனதும் அம்மா கத்தரிக்கோலை மேசைமேல் போட்டாள்.

“பனைமரத்தடியில நின்னு பாலைக் குடிச்சாலே கள்ளுன்னு சொல்ற உலகம்டி இது. நீ மரத்தையும் நட்டு, கள்ளையும் ஊத்திக் குடுத்துட்டியே. உனக்கு நாக்கு கூசலையா?”

“விடு,” என்றார் அப்பா. “படிப்பு நடக்கணும் இல்ல. எழுத்து அவ்வளவு நல்லா இருந்திருக்கு, பாரு, அந்தம்மா அழுதுட்டாங்களாம்.”

குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே மெச்சித்தான் சொன்னார். திட்டியிருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பாள்.

உதவித்தொகை கிடைத்தது. கூடவே நிபந்தனைகளும் வந்தன. நல்லவர்களிடம் இருக்கிற தொல்லை, அவர்கள் நன்மையைப் பாதியில் நிறுத்த மாட்டார்கள். குடியை விட நினைப்பவர்களுக்கு அறக்கட்டளை நடத்தும் கூட்டத்துக்கு அப்பா சனிக்கிழமைதோறும் போக வேண்டும். ஒரு அட்டை கொடுப்பார்கள். போகும்போதெல்லாம் அதில் முத்திரை வாங்க வேண்டும். முத்திரை குறைந்தால் அடுத்த ஆண்டு உதவி கிடையாது. கண்ணாடிக் கடை முதலாளிக்கும் மேடமே ஒரு கடிதம் போட்டார்: இவர் சம்பளத்தை இவர் கையில் தர வேண்டாம், மனைவியிடம் தரவும், இவர் திருந்தத் தாங்களும் துணைநிற்க வேண்டும்.

அதன்பிறகு மாதா மாதம் அம்மா போய்க் கடை வாசலில் நின்று கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கி வந்தாள். இருபத்திரண்டு வருஷமாக ஒரு காசு குறையாமல் கொண்டுவந்து கொடுத்த மனுஷனின் சம்பளத்தை. வாங்கி வருகிற நாளில் அவள் மகளோடு பேசுவதில்லை.

அப்பா கூட்டத்துக்கு ஒழுங்காகப் போனார். அங்கே ஒவ்வொருவரும் எழுந்து தன் கதையைச் சொல்ல வேண்டுமாம். இவருக்குச் சொல்ல என்ன கதை இருக்கிறது? பக்கத்தில் உட்காருகிற பெயிண்டருக்கு டீ வாங்கிக் கொடுத்து அவர் கதையில் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

“எல்லாரும் நல்ல மனுஷங்கம்மா,” என்றார் ஒருநாள், சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே. “மனசு விட்டுப் பேசறாங்க. நான் ஒருத்தன்தான் அங்க ஏமாத்துக்காரன்.”

இரண்டாம் ஆண்டு தொடங்குகிற சமயத்தில் அவளுடைய கண்ணாடியின் காது கழன்றுவிட்டது. சரிசெய்து வாங்கலாம் என்று கடைக்குப் போனாள். பின்னறையில் லென்ஸ் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அப்பா முன்னால் நின்று கண்ணாடிச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தார்.

“உள்ள யாருப்பா மெஷின்ல?”

“புதுசா ஒருத்தர் சேந்திருக்காரு. நல்லா தேய்க்கறாரு. அச்சுதான் அப்பப்ப கொஞ்சம் விலகுது.”

“நீங்க?”

“லென்ஸ் வேலைக்குக் கை நிதானமா இருக்கணும் இல்ல,” என்றார் அப்பா மெதுவாக, முதலாளிக்குக் கேட்டுவிடாமல். “முதலாளி பயப்படறதும் நியாயம்தானே. எட்டு மாசம் ஆச்சு. உங்கம்மா சம்பளம் வாங்க வர்றப்ப பின்னறைக்குப் போயிடுவேன். அவகிட்ட சொல்லிடாத.”

அச்சு ஒரு இம்மி தப்பினாலும் போட்டவருக்குத் தரை மேடு பள்ளமாகத் தெரியும் என்று சின்ன வயதில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அவர் தேய்த்த லென்ஸ் என்றால் டாக்டர்களே மறுபடி சோதிக்க மாட்டார்கள். அந்தக் கை துணி பிடித்துத் துடைத்துக்கொண்டிருந்தது. தான் படிப்பது எதன்மேல் உட்கார்ந்துகொண்டு என்பதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். கண்ணாடியைச் சரிசெய்யக் கொடுக்காமலே திரும்பிப் போனாள்.

மறுநாள் காலை அறக்கட்டளை அலுவலகத்தில் மேடத்தின் முன்னால் நின்றாள்.

“மேடம், எங்கப்பா குடிக்க மாட்டார். ஒரு நாளும் குடிச்சதில்ல. நான் எழுதினது பொய்.”

மேடம் கோபப்படுவார், கோப்பைத் தூக்கி எறிவார் என்றெல்லாம் நினைத்து மூன்று நாளைக்குப் போதுமான பேச்சை இரவெல்லாம் தயாரித்து வந்திருந்தாள். மேடம் எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தார்.

“உக்காரும்மா. ரெண்டாவது வருஷம் வந்தா பிள்ளைங்க எல்லாரும் இதைத்தான் வந்து சொல்லுவீங்க. அப்பாவை விட்டுக்குடுத்துட்டோமேன்னு மனசு அடிச்சுக்கும். அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.”

“இல்ல மேடம், நிஜமாவே...”

“அவரே என்கிட்ட ஒத்துக்கிட்டாரேம்மா. ஒரு வாரம்கூட விடாம கூட்டத்துக்கு வர்றாரு. குடிக்காத மனுஷன் யாராவது அங்க வந்து உக்காருவாங்களா, நீயே சொல்லு?”

வக்கீலுக்கு வாதம் தீர்ந்துபோனது. மேடம் இரண்டாம் ஆண்டு அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, நன்றாகப் படி என்று கொடுத்தார். அவள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள்.

படியிறங்கும்போது அவளுக்கு வந்தது நிம்மதி. உண்மையைச் சொல்லியாயிற்று; பணமும் போகவில்லை. மூன்று படி இறங்குகிற வரைக்கும் அந்த நிம்மதி அவளிடம் இருந்தது. நான்காவது படியில் அது என்ன என்று தெரிந்தபோது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். பொய் எழுதியதற்குக்கூட ஏதாவது சாக்கு இருக்கிறது: வயசு, அந்த அக்கா, ஒரு விரற்கடைக் கோடு. மேடம் நம்பவில்லையே என்று சந்தோஷப்பட்டதற்கு ஒரு சாக்கும் கிடையாது. தன்னைப் போல ஒரு அற்பப் பிறவியைத் தெருவில் பார்த்தால் காறித் துப்பியிருப்பாள்.

வந்த பஸ்ஸை விட்டுவிட்டுக் கடைக்கு நடந்தாள். கடையில் வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் சட்டங்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி கல்லாவில் இருந்தார். அவள் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

“ஐயா, எங்கப்பாவுக்குக் குடிப்பழக்கம் கிடையாது. படிப்புக்கு உதவி கிடைக்கணும்னு நான்தான் பொய் எழுதினேன். அவரை மறுபடி மெஷின்ல விடுங்க.”

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். அப்பாவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நானும் அதைத்தான் யோசிச்சுக்கிட்டே இருந்தேன்,” என்றார் மெதுவாக. “இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள்கூட உன்கிட்ட வாடை வந்ததில்லையேப்பா. ஒரு லென்ஸ் தப்பினதில்ல. பொண்ணு சொல்றது நிஜமா?”

பின்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அந்தப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். ஆம் என்று ஒரு தலையசைப்பு போதும். சொல்லுங்கப்பா, சொல்லிவிடுங்கள் என்று அவள் மனசுக்குள் கெஞ்சினாள். இந்த முறை அவளுக்குப் பணம் ஞாபகத்தில் இல்லை. ஆனால் அப்பாவின் பார்வை அவள் கையிலிருந்த அனுமதிக் கடிதத்தில் போய் நின்றது. இன்னும் இரண்டு ஆண்டு பாக்கி இருந்தது.

“சின்னப் பொண்ணு முதலாளி,” என்றார் அப்பா. “அப்பன் மானம் போகக் கூடாதுன்னு பேசுது. நீங்க தப்பா நினைச்சுக்காதீங்க.”

“அப்பா!”

“நீ சும்மா இரும்மா. காலேஜுக்கு நேரமாகுது பாரு.”

சட்டம் பார்த்துக்கொண்டிருந்த பெண்மணி ‘உச்’ கொட்டினாள். முதலாளி கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“குடுத்து வெச்சவன்ப்பா நீ,” என்றார். “உனக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டு வந்து நிக்குது பாரு. இப்படி ஒரு பொண்ணை வெச்சுக்கிட்டு, அந்தக் கருமத்தைத் தொட உனக்கு எப்படிய்யா மனசு வந்துச்சு?”

“தப்புதான் முதலாளி,” என்றார் அப்பா.