தம்ளர் நகர்ந்த வீடு

“எனக்குப் போடுற ஊசிய எங்கம்மாவுக்குப் போடுங்க. அவங்களோடத எனக்குப் போடுங்க” என்றாள் அந்தப் பெண். மருந்து ஆராய்ச்சியில் சேர்ந்த அன்றே, இதை மட்டும் கேட்கவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தட்டோடு வந்த நர்ஸ் நடு அறையில் அப்படியே நின்றாள். பக்கத்து நாற்காலியில் ரவிக்கைக் கையை மேலேற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எந்த ஊசியில் மருந்து, எதில் உப்புத்தண்ணீர் என்பது டாக்டருக்கே தெரியாது. எங்கேயோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். அந்தப் பெண்ணுக்கும் தெரியும், ஏனென்றால் அவள் வீட்டில் தம்ளர்கள் நகர்ந்தன.

வைரஸ் அம்மாவின் கல்லீரலில் வெகுகாலமாகக் குடியிருந்தது. பிரசவத்தில் மகளுக்கும் வந்து சேர்ந்தது. பெயின்ட் கம்பெனி லேபில் மகளுக்கு வேலை கிடைத்து, ரத்தம் எடுத்துப் பார்த்தபோதுதான் இரண்டு பேருக்குமே விஷயம் தெரிந்தது. அப்பா போன பிறகு இருவரும் மாமா வீட்டில்தான் இருந்தார்கள். செய்தி வந்த அன்றே அத்தை இரண்டு தம்ளர்களின் அடியில் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்தாள். தம்ளரால் இது பரவாது என்று மகள் படித்துப் படித்துச் சொன்னாள். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அதனால் வீட்டில் அவளுக்கு ‘டிகிரி’ என்றே பெயர். “டிகிரி சொன்னா சரியாத்தான் இருக்கும். இருந்தாலும் தனியா இருந்துட்டுப் போகட்டுமே” என்றாள் அத்தை. கழுவி அடுக்கும்போதெல்லாம் அந்த இரண்டையும் ஒற்றை விரலால் ஓரத்துக்குத் தள்ளிவைப்பாள்.

கொஞ்ச நாளில் விரலுக்கு வேலையில்லாமல் போயிற்று. மற்றவற்றோடு கவிழ்த்து வைத்தால், சோறு கொதிப்பதற்குள் இரண்டும் தாமாகவே அலமாரி ஓரத்துக்குப் போய் நிற்கும். இந்த வீட்டில் பாத்திரத்துக்காவது சொல்லாமலே புரிகிறது என்று மாமா சிரித்தார். குழாய் மாற்ற வந்த பிளம்பர் அதைப் பார்த்துவிட்டு, தன் தங்கச்சி வீட்டில் துண்டு இப்படித்தான் தனிக் கொடிக்குப் போகும் என்று சொல்லிக்கொண்டே வாஷரைத் திருகினான். வேறு யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. அம்மாவும் பேசவில்லை. டிகிரிக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் பற்றிக்கொண்டு வரும்.

ஆராய்ச்சிக்கு அம்மாவும் பிள்ளையுமாக ஜோடிகளை மட்டும்தான் எடுத்தார்கள். அவர்கள் உடம்புக்குத் தானாகச் செய்துகொள்ளத் தெரியாத ஆன்டிபாடியை வெளியே தயாரித்து ஊசியில் ஏற்றுவது. அது வைரஸைப் பிடித்துக் கட்டிப்போட்டால், மிச்சத்தை உடம்பே பார்த்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை. தினசரி மாத்திரை எல்லோருக்கும் உண்டு. அது வைரஸைத் தூங்க வைக்கும், துரத்தாது. ஜோடியில் ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு உப்புத்தண்ணீர். ஒருவர் விலகினால் மற்றவரும் வெளியே.

சில ஊசிகளுக்குப் பிறகு டிகிரியின் தம்ளர் மெல்ல மெல்ல மற்ற தம்ளர்களோடு வந்து சேர்ந்தது. அத்தை ஒருநாள் கவனிக்காமல் அதிலேயே காபி குடித்துவிட்டாள், ஒன்றும் ஆகவில்லை. அம்மாவுடையது போய்க்கொண்டே இருந்தது. முதலில் ஜன்னல் திட்டு, அப்புறம் துணி துவைக்கும் கல், அப்புறம் கேட். ஒருநாள் ஓட்டல் லாண்டரி வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கிய அம்மா, அதை பஸ் ஸ்டாப் பெஞ்சில் பார்த்து, சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தாள். லாண்டரியில் பெட்ஷீட்டை மடிக்க எதிர்முனையைப் பிடிக்கும் பெண், இப்போதெல்லாம் அம்மாவின் பங்கையும் தானே தூக்குவதாகச் சொன்னாள். அம்மாவின் காலில் விரலை அழுத்தினால் குழி அப்படியே நின்றது.

நர்ஸ் கூப்பிட்டதும் டாக்டர் வந்தார். தம்ளர் விஷயத்தை முழுசாகக் கேட்டார். எவர்சில்வரா, பித்தளையா என்று மட்டும் கேட்டுக்கொண்டார். இன்னொரு ஜோடி வீட்டில் சீப்பு நகர்கிறது என்றார். நம்பாமல் இல்லை. ஆனால் ஊசியை மாற்றிப் போடும் அதிகாரம் இங்கே யாருக்கும் கிடையாது, அது நடந்தால் மொத்த ஆராய்ச்சியும் வீண், நாளைக்கு இந்த மருந்து எவருக்குமே வராது என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அது அவளுக்கும் தெரிந்ததால் ஆத்திரம் இன்னும் கூடியது. அப்போ எங்கம்மா உங்க கணக்குல யாரு என்று கேட்டாள். டாக்டர் அம்மாவைப் பார்த்தார். நீங்களே சொல்லிடுங்கம்மா என்றார்.

அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். இதே ஆஸ்பத்திரி மாடியில், கல்லீரல் கெட்டிப்பட்டுப் போனவர்களுக்கு இதே மருந்தை நேரடியாகவே போடுகிறார்கள். அங்கே உப்புத்தண்ணீர் கிடையாது. போன ஸ்கேனுக்குப் பிறகு அம்மாவுக்கு அங்கே இடம் ஒதுக்கினார்கள். கீழே ஜோடியிலிருந்து விலகினால் போகலாம். அம்மாதான் வேண்டாம் என்றுவிட்டாள்.

“நான் போனா உனக்கு நின்னுரும்ல. உன்ன மாடியில எடுக்க மாட்டாங்க, உனக்கு இன்னும் அந்த அளவுக்கு முத்தல. பாதியில விட்டா மறுபடி வந்துருமாம்.”

“அதுக்கு? உப்புத்தண்ணிய ஏத்திக்கிட்டு சாவியா?”

“நான் குடுத்ததுதானடி அது.”

“வேணும்னா குடுத்த? நீ குடுத்ததுல அது ஒண்ணுதான் இருக்கா? எனக்காக நீ செத்தேன்னு நான் ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியணுமா? அந்த வேலைய எனக்குக் குடுக்காதம்மா.”

அம்மா அழவில்லை. கையை நீட்டி, மகளின் மடித்துவிட்ட சட்டைக் கை கீழே இறங்காமல் பிடித்துக்கொண்டாள். இதை மட்டும் போட்டுக்கோ, அடுத்த மாசம் பேசிக்கலாம் என்றாள். அம்மாவின் அடுத்த மாசங்களெல்லாம் எங்கே போகும் என்று மகளுக்குத் தெரியும். இந்த ஊசியைப் போட்டுக்கொண்டால் நல்லாத்தான் இருக்கும் என்றும் தெரியும். வாழ்க்கையில் முதல்தடவையாக, காலையில் எழுந்தால் உடம்பு லேசாக இருந்தது. அதை விட்டுவிட மனசில்லை. நர்ஸ் பஞ்சை நனைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

டிகிரி அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டு எழுந்தாள்.

“டாக்டர், நான் விலகிட்டேன். இவங்க வேணாம்பாங்க, கேக்காதீங்க. மாடிக்குக் கூட்டிட்டுப் போங்க.”

அத்தை வீட்டு அலமாரியில் இந்நேரம் அவளுடைய தம்ளர் கிளம்பியிருக்கும். போகட்டும் என்று நினைத்தாள். சட்டைக் கையை இறக்கிப் பட்டனைப் போட்டுக்கொண்டு, அடுத்த ஜோடி உட்கார்ந்திருந்த வராண்டா வழியாக வெளியே நடந்தாள். உள்ளே, லிஃப்ட் வேலை செய்யவில்லை, படியேற முடியுமா என்று நர்ஸ் அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.